வி.க. என்றால் நம்ம ஊர் ஆசாரியா? நேபாளத்துப் பெயர்களும் மதுரைப் பட்டங்களும்

போன பொங்கல் லீவுக்குப் பேரையூர் போயிருந்தேன். (மதுரை மாவட்டத்துப் பேரையூர். கமுதிப் பக்கம் ஒரு பேரையூர் உண்டு, அது வேற.) எங்க பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் சும்மா கிடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிற ரெண்டு நேபாளிப் பையன்கள் வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். பெரியப்பா அட்வான்ஸ், கரண்ட் பில், தண்ணி எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியாகக் கேட்டார்:

"தம்பிகளா, நீங்க என்ன ஆளுக?"

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. பையன்களுக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு குடியுரிமைச் சான்றிதழை எடுத்து நீட்டினார்கள். நேபாளத்தில் அதை நாகரிக்தா என்கிறார்கள். எழுத்து தேவநாகரி. புனேயில் ஐந்து வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு அந்த எழுத்து கொஞ்சம் பழக்கம். முதல் பையன் பெயரின் கடைசியில் 'தாபா' என்று இருந்தது. ரெண்டாவது பையன் பெயரின் கடைசியில் 'வி.க.' என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"வி.க.வா? யாரு, திரு.வி.க. மாதிரியா? இனிஷியல கடைசில போட்டிருக்கான்?" என்றார் பெரியப்பா.

அரைகுறை இந்தியில் பையனிடம் கேட்டேன். "விஸ்வகர்மா" என்றான்.

பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஆசாரிகதான! முன்னாடியே சொல்ல வேண்டியதுதான. சரி, தாபான்னா என்ன ஆளுகன்னு நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு." சாவி கை மாறியது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ரெண்டு பெயரையும் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ரெண்டு குழப்பங்கள்

நம் ஊரில் நேபாளி என்றாலே 'கூர்க்கா'. ராத்திரி விசில் ஊதிவிட்டு மாசம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்பாரே, அவர். கூர்க்கா என்பது சாதியும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. அது ஓர் ஊர். பிருத்வி நாராயண ஷா என்ற மன்னர் 18ம் நூற்றாண்டில் கோர்க்கா என்ற சின்ன மலை ராஜ்ஜியத்திலிருந்து புறப்பட்டு இன்றைய நேபாளத்தைச் சேர்த்துக் கட்டினார். அந்த ஊர்ப் பெயரே படைக்குப் பெயராகி, 1815க்குப் பிறகு ஆங்கிலேயப் பட்டாளத்தில் சேர்ந்த மலைக்காரர்களுக்கெல்லாம் பெயராகிவிட்டது.

இன்னொன்று 'பகதூர்'. அதுவும் குடும்பப் பெயர் இல்லை. வீரன் என்று பொருள். பெயருக்கு நடுவில் எந்தச் சாதிக்காரரும் வைத்துக்கொள்வார். பகதூர் என்பதை வைத்து ஒருவர் ஆண் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஆள் யாரென்று அங்கே சொல்வது பெயரின் கடைசித் துண்டு. அதற்கு 'தர்' என்று பெயர்.

தர் எங்கிருந்து வருகிறது?

கொஞ்சம் தர்களை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வகை பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் மூன்று வழியில் வந்திருக்கின்றன.

முதலாவது, உத்தியோகம். அதிகாரி என்ற தரை நாம் மொழிபெயர்க்கவே வேண்டாம். பண்டாரி என்றால் பண்டகசாலை பார்த்தவர். கார்க்கி என்றால் வரி வசூல் செய்தவர். கிழக்கு மலைகளில் கம்பு என்று அழைக்கப்பட்ட மக்களின் தலைவர்களுக்குக் கோர்க்கா மன்னர்கள் கொடுத்த பட்டம் 'ராய்'. லிம்பு மக்களின் தலைவர்களுக்கு 'சுப்பா'. தலைவருக்குக் கொடுத்த பட்டம் மெல்ல ஊருக்கே பெயராகிவிட்டது. பந்தாவா, சாம்லிங், குலுங், துலுங் என்று வேறு வேறு மொழி பேசுகிற கூட்டங்கள் எல்லாமே இன்றைக்கு 'ராய்'தான்.

ரெண்டாவது, ஊர். பாகுன் (அதாவது மலைப் பிராமணர்), சேத்ரி (க்ஷத்ரியர்) ஆகியோரின் தர்கள் பலவும் மேற்கு நேபாள மலைகளில் இருந்த சிற்றூர்களின் பெயர்கள். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஊர் போடுவது போல.

மூன்றாவது, தொழில். காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்களிடம் இது அதிகம். சித்ரகார் ஓவியம் வரைபவர். தாம்ராகார் செம்பு வேலை செய்பவர். மானந்தர் செக்கு ஆட்டியவர். மகர்ஜன் பயிர் செய்பவர்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சேர்வை என்பது என்ன? சேர்வைக்காரர், ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் படைப்பிரிவுத் தலைவர். 1801ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் பட்டம் அதுதான். அம்பலம் என்றால் ஊர்ச் சபையை நடத்துபவர். முதலியார் என்றால் முதன்மையானவர். இலங்கையில் காலனி அரசுகளே 'முதலியார்' என்று ஓர் உத்தியோகம் வைத்திருந்தன. சிங்களவர்களும் அதில் இருந்தார்கள். நாயக்கர் என்றால் விஜயநகர ஆட்சியில் படையும் சீமையும் வைத்திருந்த தலைவர். எங்கள் பேரையூரே ஒரு காலத்தில் நாயக்கர் பாளையம்தான். குடும்பன் என்பதும் ஊரில் ஒரு பொறுப்பு. நீர் பாய்ச்சலும் வயல் வேலையும் அவர் பார்வையில் நடக்கும்.

ஆக, கார்க்கியும் சேர்வையும் ஒரே மாதிரிப் பெயர்கள். ரத்தம் என்று நாம் நினைப்பது, தோண்டிப் பார்த்தால் யாரோ ஒரு முப்பாட்டனின் வேலை.

ஒரு பெயர், பல சாதி

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். தாபான்னா என்ன ஆளுக?

நேபாளத்தை 1806 முதல் 1837 வரை ஆட்டிவைத்த முக்தியார் பீம்சேன் தாபா, சேத்ரி. அதே 'தாபா' மகர் என்ற பழங்குடி மக்களின் முக்கியமான தர்களில் ஒன்று. மகர்களுக்கென்று தனி மொழி இருக்கிறது, தனி வழிபாடு இருக்கிறது. ராணா, கர்த்தி, ரோகா, புடாதோகி ஆகியவையும் இப்படித்தான் ரெண்டு பக்கமும் உண்டு. கார்டில் தாபா என்று மட்டும் இருந்தால் அவர் பூணூல் போடும் சேத்ரியா, மகரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மகர்கள் சிலர் 'தாபா மகர்' என்று சேர்த்தே எழுதுகிறார்கள்.

நம்ம பக்கமும் இதே கதைதான். மதுரையில் சேர்வை என்றால் பெரும்பாலும் அகமுடையார் என்று நினைப்போம். ஆனால் மறவரிலும் வலையரிலும் சேர்வை உண்டு. மேலூர்ப் பக்கம் அம்பலம் என்றால் கள்ளர். வலையரிலும் அம்பலம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் பிறமலைக் கள்ளருக்குத் தேவர்; ராமநாதபுரத்தில் மறவருக்கும் தேவர். நாயக்கர் என்றால் எங்கள் ஊரில் கம்பளத்தார், காஞ்சிபுரத்தில் வன்னியர், ஈரோட்டில் பலிஜா. செட்டியார் என்றால் நகரத்தாரா, தேவாங்கரா, வாணியரா என்று அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும்.

டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால் இது மெனி டு மெனி. ஒரு பட்டம் பல சாதிக்கு, ஒரு சாதிக்குப் பல பட்டம். இதைக் கீயாக வைத்து ஓர் ஆளைத் தேடினால் தப்பான ரெக்கார்டுதான் வரும்.

பெயர் மேலே ஏறும்

1846ல் காத்மாண்டு அரண்மனையில் கோத் படுகொலை நடந்தது. ஒரே ராத்திரியில் எதிரிகளை ஒழித்துக்கட்டி ஆட்சியைப் பிடித்தவர் ஜங் பகதூர் குன்வர். அதற்கப்புறம் சில வருஷங்களில், தாங்கள் சித்தூர் ராஜபுத்திர வம்சம் என்று சொல்லி, குன்வரை விட்டுவிட்டு 'ராணா' ஆகிவிட்டார். அந்தக் குடும்பம் 1951 வரை நேபாளத்தை ஆண்டது.

நேவார்களிடம் ஸ்ரேஷ்டா என்பது வியாபாரமும் நிர்வாகமும் பார்த்த உயர்ந்த வகுப்பின் பெயர். காசும் படிப்பும் வந்த மற்ற நேவார் குடும்பங்கள் பலவும் மெல்ல ஸ்ரேஷ்டா என்று போட்டுக்கொள்ள ஆரம்பித்தன. கள்ளரும் மறவரும் அகமுடையாரும் மெல்ல மெல்ல வெள்ளாளர் ஆனார்கள் என்று நம்மிடம் ஒரு பழமொழி சுற்றுகிறதே, அதன் நேவார் வடிவம்.

எங்கள் வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பெரியப்பாவின் பீரோவில் பழைய பத்திரங்கள் இருக்கின்றன. 1938ல் எழுதிய கிரயப் பத்திரத்தில் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் 'சேர்வை'. 1952ல் எழுதிய அடமானப் பத்திரத்தில் அதே தாத்தா, அதே நிலம், ஆனால் 'தேவர்'. இன்னொரு பாக்கிச் சீட்டில் 'பிள்ளை' என்றே இருக்கிறது! கடன் கொடுத்தவர் மரியாதைக்காக எழுதினாரா, தாத்தா சொல்லி எழுதினாரா, தெரியாது. அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எந்தப் பட்டமும் இல்லை, இனிஷியல் மட்டும்தான்.

அரசாங்கம் எழுதினால்

பெயர் இப்படி நெகிழ்வாக இருந்தால் சாதி எப்படி இறுகியது? எழுதி வைத்ததால்தான்.

குன்வரிலிருந்து ராணா ஆனாரே, அதே ஜங் பகதூர் 1854ல் 'முலுகி ஐன்' என்ற சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். நேபாளத்தில் இருந்த எல்லாச் சமூகங்களையும் ஒரே ஏணியில் வரிசைப்படுத்தியது அது. மேலே பூணூல் போடுபவர்கள். அடுத்து மது அருந்துபவர்கள். இவர்களில் அடிமையாக்கக் கூடாதவர்கள், அடிமையாக்கலாம் என்று ரெண்டு பிரிவு. அதற்குக் கீழே தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாதவர்கள். அதிலும் தொட்டால் பரவாயில்லை, தொட்டால் தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ரெண்டு. ஒரே குற்றத்துக்குச் சாதியைப் பொறுத்துத் தண்டனை மாறும். தன் பெயரை மாற்றி மேலே ஏறியவர், மற்றவர்கள் ஏறாதபடி ஏணியைச் சட்டமாக்கிவிட்டார். 1963ல் வந்த புதுச் சட்டம்தான் இதை நீக்கியது.

நம் பக்கம் அந்த வேலையைச் செய்தது குற்றப் பரம்பரைச் சட்டம். பேரையூர்க்காரனுக்கு இது புத்தக விஷயம் இல்லை. பெருங்காமநல்லூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1920 ஏப்ரல் 3ம் தேதி, கைரேகை வைத்துப் பெயர் பதிய மாட்டோம் என்று நின்ற பிறமலைக் கள்ளர் மக்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. ஒரு மனிதன் எந்தத் தப்பும் செய்யாமலேயே, பிறந்த கூட்டத்தின் பெயரால் பதிவேட்டில் ஏறினான். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947ல்தான் போனது.

பெயரை அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெற்ற கதைகளும் ரெண்டு பக்கமும் உண்டு. 'போட்டே' என்று திபெத்தியர்களோடு சேர்த்து அழைக்கப்பட்டவர்கள் 1932ல்தான் 'தாமாங்' என்ற தங்கள் பெயரை அரசு ஆணையாகப் பெற்றார்கள். நேபாளத்தில் 1920களின் நடுவில் அடிமைமுறை ஒழிந்தபோது, விடுதலையானவர்களுக்குச் 'சிவபக்தி' என்று புதுப் பெயர் வைத்தார்கள். அவர்களைக் குடியேற்றிய இடம் அம்லேக்கஞ்ச். அம்லேக் என்றால் அடிமை விடுதலை. இங்கே 2021ல் குடும்பன், பள்ளன், பண்ணாடி உள்ளிட்ட ஏழு பெயர்களைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரில் கொண்டுவரப் பாராளுமன்றமே சட்டம் போட்டது.

வி.க.

இப்போது அந்த ரெண்டாவது பையன்.

தமிழ்நாட்டில் விஸ்வகர்மா என்றால் தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி ஆகிய ஐந்து தொழில்காரர்கள். ஆசாரி, பத்தர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம். பூணூல் போடுவார்கள், கோயில் கட்டுவார்கள், தாலி செய்வார்கள்.

நேபாள மலைகளில் விஸ்வகர்மா (அவர்கள் உச்சரிப்பில் பிஸ்வகர்மா) என்றால் காமி. இரும்பு வேலை செய்பவர்கள். பொன் வேலை செய்யும் சுனாரும் அவர்களோடு சேர்ந்தவர்களே. 1854 சட்டம் இவர்களை ஏணியின் அடியில், தொட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டியவர்கள் பட்டியலில் போட்டது. தையலும் மேளமும் தொழிலாகக் கொண்ட தமாய் (இன்றைய பெயர் பரியார்), தோல் வேலை செய்த சார்க்கி (இன்றைக்கு மிஜார்) ஆகியோரும் அதே பட்டியல். காமி என்ற சொல் வசவாகிவிட்டதால், தேவலோகத் தச்சனின் பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சுருக்கினால் வி.க., ஆங்கிலத்தில் பி.கே.

ஆனால் சுருக்கினாலும் தப்பிக்க முடியவில்லை. நேபாளத்தில் பி.கே. என்றாலே எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூனில் காத்மாண்டுவில் சுனார் என்ற தர் கொண்ட ஒரு பெண் பத்திரிகையாளர் வாடகைக்கு ரூம் கேட்டார். சாதி தெரிந்ததும் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். போலீசில் புகார் ஆகி வீட்டுக்காரர் கைதானார். சில நாளில் வெளியே வந்தபோது அவரைக் கூட்டிப்போகக் கல்வி மந்திரியே காரில் வந்தார். தீண்டாமைக்கு எதிராக 2011லேயே சட்டம் போட்ட நாட்டில் நடந்தது இது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒரு விஷயம். அதே காத்மாண்டுவில் செம்பு வேலை செய்யும் நேவார் தாம்ராகாருக்குத் தீட்டு கிடையாது. உராய் என்ற மதிப்பான பிரிவில் இருக்கிறார். மலையில் உலோக வேலை செய்தால் தீட்டு, பள்ளத்தாக்கில் செய்தால் மரியாதை. ஆக, தாழ்வு சம்மட்டியிலும் இல்லை, உலையிலும் இல்லை. நம் கம்மாளருக்கும் எப்போதும் இந்த மரியாதை இருந்ததில்லை. சோழர் காலத்துக் கொங்குக் கல்வெட்டு ஒன்று கம்மாளருக்குச் சில உரிமைகளைக் கொடுக்கிறது: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். அரசன் கல்லில் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை செருப்புப் போட விடவில்லை என்றுதானே அர்த்தம்?

பட்டம் போனது, கேள்வி போகவில்லை

"நம்மிடம் இந்தத் தொல்லை இல்லை, நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை" என்று ஆபீசில் வடநாட்டு நண்பர்களிடம் நானே பெருமையடித்திருக்கிறேன். பெருமைக்குரிய விஷயம்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலைமை வகித்த சௌந்தரபாண்டியன் 'நாடார்' என்ற பட்டத்தை விட்டார். பெரியார் அதற்கு முன்பே 'நாயக்கர்' என்பதை விட்டிருந்தார். பெரியப்பா சொன்ன திரு.வி.க.வும் ஒரு காலத்தில் கலியாணசுந்தர முதலியார் என்று அச்சானவர்தான்.

பட்டம் போனபின் கேள்வி வேறு சந்துக்குப் போய்விட்டது. சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எந்தக் கோயில்? பி.இ. முடித்து மதுரையில் ரூம் தேடி அலைந்தபோது நானே இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி ரூம் வாங்கியிருக்கிறேன். என்னோடு வந்த நண்பன் மூன்றாவது கேள்விக்கு முன்பே, "வேற இடம் பாத்துக்கலாம்டா" என்று கிளம்பிவிட்டான். அவன் ஏன் கிளம்பினான் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

பேரையூரில் சாவி கை மாறியபோது நான் வாயை மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம். விஸ்வகர்மா என்றால் நேபாளத்தில் என்ன என்று எனக்கு அப்போதே ஓரளவு தெரியும். சொல்லியிருந்தால் ரூம் போயிருக்கலாம். காத்மாண்டுவில் கதவை மூடிய அதே பெயர், பேரையூரில் ஓர் ஆள் தப்பாகப் புரிந்துகொண்டதால் கதவைத் திறந்திருக்கிறது. அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

ஆனாலும் உறுத்துகிறது. பெரியப்பாவிடம் "அந்தக் கேள்வியே வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. கேள்வி அப்படியே இருக்கிறது. பதில் மட்டும் அதிர்ஷ்டவசமாகப் பொருந்திவிட்டது.

போன வாரம் பெரியப்பா போன் பண்ணினார். "ஏப்பா, தாபான்னா என்ன ஆளுகன்னு சொல்லவே இல்லையே?"

"அத அப்புறம் சொல்றேன் பெரியப்பா. உங்க பீரோவுல தாத்தா பேரு மூணு பத்திரத்துல மூணு விதமா இருக்கு. மொதல்ல நாம என்ன ஆளுகன்னு நீங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "போடா, படிச்ச திமிரு" என்று வைத்துவிட்டார்.

பையன்கள் ரெண்டு பேரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொடுத்து அனுப்புகிறாராம். சித்திரையில் ஊருக்குப் போகும்போது வி.க. பற்றி அவரிடம் சொல்லத்தான் போகிறேன். அதற்குள் அந்தப் பையன் அவர் வீட்டுச் சோறும் தண்ணியும் நாலு மாசம் புழங்கியிருப்பான். அப்புறம் பெரியப்பா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.